பதினொரு டப்பா வாங்கியது தப்பு

குளியலறை அலமாரியில் இப்போது ஒரே ஒரு ஷேவிங் சோப்பு டப்பாதான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் பதினொன்று அடுக்கி வைத்திருந்தேன், அத்தனையும் ஒரே ஆளிடம், ஒரே இரவில் ஆர்டர் போட்டு வாங்கியது. அந்த ஆள் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டு அடுப்பில் ஷேவிங் சோப்பு காய்ச்ச ஆரம்பித்தவர். நண்பர் தொழில் தொடங்கியிருக்கிறார், நாம் கைகொடுக்காமல் யார் கொடுப்பது என்று ஒரு வேகம். அவரிடம் இருந்த எல்லா வாசனையிலும் ஒவ்வொன்று, பிடித்ததில் மட்டும் இரண்டு.

பார்சல் வந்த மறுநாள் போன் போட்டார். நன்றி சொன்னார், குடும்பத்தை விசாரித்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே, "சந்தோஷம்தான், ஆனா இனிமே மூணு வருஷத்துக்கு நீங்க என் கஸ்டமர் இல்லையே" என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளையாட்டில்லை. ஒரு தடவை ஷேவ் செய்ய பிரஷ்ஷில் ஏறும் சோப்பு ஒரு கிராம், கொஞ்சம் முன்னே பின்னே. அவருடைய டப்பா 100 கிராம். ஆக ஒரு டப்பா நூறு ஷேவ், பதினொரு டப்பா ஆயிரத்து நூறு. தினமும் முகம் மழிக்கிற ஆளுக்கே மூன்று வருஷம் தாண்டும். நான் வாரத்துக்கு நாலு நாள்தான். தீர்ந்து போவதற்குள் எனக்குத் தாடி நரைத்துவிடும்.

இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கலே இதுதான், பொருள் சீக்கிரம் தீராது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு டப்பா வாங்குகிறவர்தான் இங்கே நல்ல வாடிக்கையாளர். அவர் மாதிரி இருநூறு பேர், முன்னூறு பேர் நிலையாக இருந்தால் ஒரு சின்ன தயாரிப்பாளர் நிம்மதியாகக் காய்ச்சலாம். நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிர்.

நாங்கள் என்று சொல்வதற்குக் காரணம், நான் ஒருத்தன் மட்டும் இல்லை. ஷேவிங் சோப்பு சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற ஒரு கூட்டம் உண்டு, எனக்கும் அதில் பாதிக் கால். நாலு பேர் நல்லதாகச் சொல்ல, இரண்டு மாதத்தில் அவருக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. அதிலும் ஒரு வாசனைக்கு, மரப்பட்டையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒன்று, ஏகப்பட்ட கிராக்கி. அவரும் மனுஷன்தானே, இதே வேகத்தில் போகும் என்று நம்பி அந்த வாசனை எண்ணெயைப் பெரிய கேனாக எடுத்துப் போட்டார். டப்பா செய்து கொடுப்பவர்கள் குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் எடுத்தால்தான் அச்சடித்துத் தருவோம் என்றார்கள், அதையும் எடுத்தார். மூன்றாவது மாதம் ஆர்டர் அப்படியே படுத்துவிட்டது. சோப்பு பிடிக்காமல் போனதால் இல்லை, எல்லார் வீட்டிலும் பத்துப் பத்து டப்பா இருந்ததால். கையில் இருந்த முதல் எல்லாம் காலி டப்பாவாகவும் வாசனைக் கேனாகவும் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தது. சோப்புக்கு உயிரான ஸ்டீரிக் அமிலம் வாங்கக் காசில்லை. கேனைத் திறந்து திறந்து மூடினால் அந்த ஆரஞ்சு வாசனை வேறு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகும்.

ஆதரவு என்ற பெயரில் நாங்கள் அவருக்கு ஒரு பொய்க் கணக்கைக் காட்டியிருந்தோம். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது அப்போதுதான். சனி ஞாயிறு வந்து கூட நிற்கிறேன் என்று சொன்னேன். லேபிள் ஒட்டுவது, எடை போடுவது, பாத்திரம் கழுவுவது, இந்த மாதிரி எடுபிடி வேலை.

அங்கே போன பிறகுதான் சோப்பைப் பற்றி உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன். குளியல் சோப்பும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேலை வேறு. குளியல் சோப்பின் நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடும், ரேசர் முகத்தில் மூன்று சுற்று ஓடும்வரை தாங்காது. நுரை நின்று தாங்க வேண்டுமென்றால் ஸ்டீரிக் அமிலம் நிறையப் போட வேண்டும், சிலர் கொழுப்புப் பங்கில் பாதி அளவுக்கே போடுகிறார்கள். மெழுகுவர்த்தி செய்யப் பயன்படுமே, அதே வெள்ளைச் செதில்தான். கொழுப்பைச் சோப்பாக்குவது காரம். அதில் காஸ்டிக் சோடாவை மட்டும் சேர்த்தால் சோப்பு கல் மாதிரி இறுகிவிடும், பிரஷ்ஷை எத்தனை தேய் தேய்த்தாலும் கொடுக்காது. காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்தால் மெத்தென்று, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிற பதத்தில் வரும், தண்ணீரைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டு காரத்தையும் கலந்து போடுவார்கள். நண்பருடைய கணக்கில் பொட்டாஷ் 60 பங்கு, சோடா 40 பங்கு. கூடவே தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், ஷியா வெண்ணெய், கடைசியில் கிளிசரின்.

ஸ்டீரிக் அமிலம் 69 டிகிரி வாக்கில்தான் உருகும். காரத்தைப் பார்த்ததும் நொடியில் சோப்பாகிவிடும், கொஞ்சம் ஆறினால் கட்டி தட்டிவிடும். அதனால் இதை அடுப்பில் வைத்துச் சூடாகவே கிளற வேண்டும். 2 கிலோ பானையில் இது அவருக்குக் கைவந்த கலை. 20 கிலோ பானைக்கு மாறியபோதுதான் விவகாரம்.

மாறியதற்குக் காரணம் ஆசை இல்லை. 2 கிலோவில் இருபது டப்பா வரும், அதற்கும் அரை நாள் ஆகும், இருநூறுக்கு அதே அரை நாளோடு கூட இரண்டு மணி நேரம்தான். ஆனால் பத்து மடங்கு எல்லாவற்றையும் போட்டால் பத்து மடங்கு சோப்பு வரும் என்பது காகிதத்தில் மட்டும். எடை பத்து மடங்காகும்போது பானையின் வெளிப்பரப்பு நாலரை மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடுகிறது. சூடு வெளியேற வழி குறைவு. சின்னப் பானை அரை மணியில் ஆறிய இடத்தில் பெரிய பானை மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே நிற்கும். அவர் பழைய பழக்கத்தில் அதே அரை மணியில் வாசனை எண்ணெயை ஊற்றினார். அறை முழுக்க ஆரஞ்சு மணந்தது, ஆஹா என்று நான் மூச்சை இழுத்தேன், அவர் முகம் செத்துப்போனது. அறையில் மணக்கிறது என்றால் சோப்பில் இல்லை என்று அர்த்தமாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனைகள்தான் முதலில் ஆவியாகி ஓடும். அந்த இருநூறு டப்பாவும் மரப்பட்டை வாசனை மட்டும் வந்த சோப்புகள்.

அது பரவாயில்லை, விற்றது. அடுத்த பேட்ச்தான் எங்களை உட்கார வைத்தது.

அன்றைக்குக் காய்ச்சிய சோப்பு பார்ப்பதற்கு அழகாக இருந்தது. பளபளவென்று, வழக்கத்தைவிட மிருதுவாக. நாக்கு நுனியில் துளி தொட்டுப் பார்ப்பது பழைய சோதனை, காரம் மிஞ்சியிருந்தால் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். ஒன்றும் அடிக்கவில்லை, நாங்கள் நிம்மதியாக டப்பாவில் அடைத்துவிட்டோம். மறுநாள் காலை நான் அதில் ஒன்றைத் திறந்து ஷேவ் செய்ய உட்கார்ந்தேன். பிரஷ்ஷை நனைத்து, இரண்டு தடவை உதறி, முப்பது நொடி டப்பாவின் மேல் சுழற்றினேன். வழக்கமாக இந்த இடத்தில் பிரஷ் முடி முழுக்க பேஸ்ட் மாதிரி ஏறி, முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட விட அது பெருகி, குமிழி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருங்கி, ஒரு மினுமினுப்பு வரும், பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அன்றைக்கு வந்தது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மாதிரி பெரிய பெரிய குமிழி, கன்னத்தில் தடவி முடிப்பதற்குள் காதோரம் காய்ந்துவிட்டது. விரலைத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு.

காரம் பத்தவில்லை. நாக்குச் சோதனை காரம் கூடினால்தான் சொல்லும், குறைந்தால் வாயே திறக்காது. தேடிப் போனதில் பொட்டாஷ் டிரம்தான் குற்றவாளி. புதிதாக ஒருவரிடம் வாங்கியது, வரும்போதே மூடி சரியாக இறுகாமல் வந்திருக்கிறது, செதில்கள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததை இரண்டு பேரும் பார்த்தோம், கரண்டியால் தட்டி உடைத்துப் போட்டோம். பொட்டாஷ் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும், கரியமில வாயுவையும் இழுத்துக் கார்பனேட்டாக மாறும், இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். 90 சதவீதத் தூய்மை என்று நினைத்துப் போட்டது 80 பக்கம் இறங்கியிருந்தது. காரத்தில் 60 பங்கு அதுதான் என்பதால் மொத்தத்தில் 6, 7 சதவீதக் குறைவு. தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே சோப்பாகாமல் விடும் கொழுப்பு 5 சதவீதம், அது இப்போது 11ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு எண்ணெய் நடுவில் நின்றால் நுரை எங்கிருந்து நிற்கும்.

சோப்பைக் காப்பாற்ற முடிந்தது. இருநூறு டப்பாவையும் கரண்டியால் வழித்து, மறுபடி உருக்கி, குறைந்த காரத்தைக் கரைத்து ஊற்றி, மறுபடி கிளறி. வாசனை மொத்தமும் போயிற்று, செலவில் பெரிய பங்கே அதுதான். வாசனை இல்லாத சோப்பு என்று தனி லேபிள் அடித்து விற்றார். வேடிக்கை என்னவென்றால், வாசனை ஒத்துக்கொள்ளாத தோல்காரர்கள் அதைத் தேடி வந்து வாங்கினார்கள், இப்போதும் வாங்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு புது டிரம்மிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, எடை தெரிந்த சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டு சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு எப்போது மறைகிறது என்று பார்த்துத் தூய்மையைக் கணக்குப் போட்ட பிறகுதான் பானையை அடுப்பில் ஏற்றுகிறார். பள்ளிக்கூட லேபில் தூங்கி வழிந்த அதே சோதனைதான்.

சரி, வாங்குகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பிரித்து வைப்பதும் என் வேலை ஆகிவிட்டது. அதில் பாதி "சூப்பர் சோப்பு" ரகம். மனசுக்கு நல்லது, வேறு எதற்கும் உதவாது. மீதியில் கணிசமான பேர் நுரை வரவில்லை என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி, உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீரா? கால்சியமும் மெக்னீசியமும் அதிகமான தண்ணீரில் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடும், வாஷ்பேசினில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி ஒரே ஒரு நாள் அதில் நுரை போட்டுப் பாருங்கள் என்பேன். வந்தால் குறை தண்ணீரில், சோப்பைக் கூடுதலாக எடுங்கள். வராவிட்டால் குறை எங்களிடம், டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணைச் சொல்லுங்கள்.

அந்த எண்ணைச் சொல்லி எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் எழுதினார், இந்தப் பிரஷ், இவ்வளவு தண்ணீர், முதல் சுற்றில் நன்றாக இருந்தது, இரண்டாவது சுற்றில் தாடைக்குக் கீழே வழுக்கல் குறைகிறது, போன பேட்ச்சில் இப்படி இல்லை என்று. அந்த ஒரு கடிதத்தால் கிளிசரினை எந்தச் சூட்டில் சேர்க்கிறோம் என்பதையே மாற்றினோம். பதினொரு டப்பா வாங்கிய என்னைவிட, ஒவ்வொரு டப்பாவாக வாங்கிய அந்த மனிதர் செய்த உதவி பெரிது, இதை எழுதவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இலவசமாக அனுப்பினால் விமர்சனம் எழுதுகிறேன் என்று கேட்பவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்லப்போவதில்லை. பத்து கிராம் மாதிரிப் பொட்டலம் இருக்கிறது, பத்து ஷேவ் வரும், அதைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்துவிட்டு எவ்வளவு திட்டினாலும் சரி. தள்ளுபடி எப்போது வரும் என்று கேட்காமல் இருந்தாலும் புண்ணியம். கடைக்காரர் எடுத்து விற்றால் சில்லறை விலையில் பாதி வாக்கில்தான் இவர் கைக்கு வரும், நேரில் வாங்குகிறவர் கொடுக்கும் முழு விலைதான் அடுத்த பானைக்கு அடுப்பு மூட்டுகிறது. ஆனால் கடை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, மூக்கால் முகர்ந்து பார்த்து வாங்க ஆசைப்படுகிறவர்கள் அங்கேதான் வருவார்கள்.

வாசனையை ஏன் மாற்றினீர்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று. வாசனை எண்ணெய் செய்யும் நிறுவனங்களுக்கு இஃப்ரா என்று ஒரு சர்வதேச அமைப்பு வரம்பு வைக்கிறது, எந்தப் பொருளில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் என்று. அது அவ்வப்போது மாறும். லிலியல் என்ற வாசனைப் பொருளை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் தடையே செய்துவிட்டது. சின்னத் தயாரிப்பாளர் வாசனையைத் தானே வடிப்பதில்லை, கேனாக வாங்குகிறார். கேனுக்குள் இருப்பது மாறினால் சோப்பும் மாறும், அவர் காசு மிச்சம் பிடிக்கவில்லை.

லேபிள் எழுதுவதில் மட்டும் எனக்கும் அவருக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. "கெமிக்கல் இல்லாதது", "சருமப் புண்களைக் குணப்படுத்தும்" என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். காரம் இல்லாமல் சோப்பே கிடையாது, கணக்குச் சரியாக இருந்தால் கடைசியில் காரம் மிச்சம் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம், டிரம் டிரம்மாகக் காஸ்டிக்கை வைத்துக்கொண்டு கெமிக்கல் இல்லை என்று எப்படி எழுதுவீர்கள் என்றேன். குணப்படுத்தும் என்று எழுதினால் பல நாடுகளில் அது சோப்பு என்ற கணக்கிலிருந்து மருந்து என்ற கணக்குக்குப் போய்விடும், அதற்குரிய சோதனைகளைக் கேட்பார்கள். "எல்லாரும் எழுதுறாங்க" என்றார். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை போனபோது புது லேபிள் சுருள் மேஜையில் இருந்தது, சேர்மானப் பட்டியலும் எடையும் பேட்ச் எண்ணும் மட்டும். நானும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன்.

முன்பணம் வாங்கிக் காய்ச்சலாமா என்று ஒரு கட்டத்தில் கேட்டார். வாங்கலாம், ஆனால் பார்சல் கிளம்பும் வரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை, அந்தச் சோப்புக்கான சரக்கைத் தவிர வேறு எதற்கும் அதில் கைவைக்கக் கூடாது, பெரிய பானை வாங்குவதற்கும் கூடாது என்றேன். ஒரு பேட்ச் கெட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால் இதில் சண்டை வரவில்லை.

என்னுடைய பதினொன்றுக்கு வருகிறேன். அதில் ஐந்தை, பிரஷ் போட்டு ஷேவ் செய்யவே தெரியாத ஐந்து பேருக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரவில்லை, கூட உட்கார்ந்து எப்படிச் சுழற்றுவது, எப்போது தண்ணீர் விடுவது என்று காட்டினேன். மூன்று பேர் ஒரு வாரத்தில் பழையபடி அமுக்கினால் ஷேவிங் நுரை வரும் கேனுக்கே போய்விட்டார்கள். இரண்டு பேர் டப்பா தீர்ந்ததும் அவர்களாகவே அடுத்ததை வாங்கினார்கள், அப்புறம் அதற்கடுத்தது. நான் அந்த வருஷம் செய்த உருப்படியான உதவி அதுதான் என்று நண்பர் சொல்கிறார், லேபிள் சண்டையைச் சேர்க்கவில்லை போலும்.

மீதி ஆறையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். நடுவில் இரண்டு புது வாசனை வந்தது, வாயைக் கட்டிக்கொண்டு வாங்காமல் இருந்தேன். போன வருஷக் கடைசியில் ஆறாவதும் காலியானது, அன்றைக்குத்தான் மூன்று வருஷத்தில் முதல் ஆர்டர் போட்டேன், ஒன்றே ஒன்று. "யாரு, புதுக் கஸ்டமரா?" என்று பதில் வந்தது.

அந்த டப்பாவில்தான் இப்போது நடுவில் அடி தெரிகிறது. ஓரத்தில் மட்டும் வளையம் மாதிரி சோப்பு நிற்கிறது, பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. இன்னும் எட்டு ஷேவ், இழுத்தால் பத்து. அவர் அடுத்த பானை ஏற்றுவது வரும் சனிக்கிழமை, நான் ஒன்பது மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.